அப்பாருவின் முட்டுவலி மாத்திரை பேத்திக்கு வேண்டாம்

கேள்வி: என் மகளுக்கு வயது 14, எடை 42 கிலோ. ஈரோட்டில் பல்லுக்கு கிளிப் போட்டிருக்கிறோம். ஒவ்வொரு முறை டைட் செய்து வந்ததும் இரண்டு நாள் அழுகிறாள். போன தடவை என் மாமனார் தன் முட்டுவலி மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுத்தார், வலி கேட்டது. ஆனால் வலி மாத்திரை போட்டால் பல் நகராது என்கிறார்களே, நிஜமாங்க? – ஒரு தாய், கோபிசெட்டிபாளையம்

பதில்: அப்பாருவுக்குப் பேத்தி மேல் இருக்கும் பாசம் புரிகிறது. ஆனாலும் அந்த மாத்திரை அவருடைய முட்டியோடு நிற்கட்டும். முட்டுவலி மாத்திரைகளில் பெரும்பாலும் டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் வகை மருந்துகள் இருக்கும். வயிற்றைப் புண்ணாக்கும், சிறுபிள்ளைக்கு அளவும் வேறு.

பல் நகராது என்பதில் பாதி உண்மை. கம்பி இழுக்கும்போது வேரைச் சுற்றிப் புராஸ்டாகிளாண்டின் என்ற ரசாயனம் சுரக்கிறது. வலியைக் கிளப்புவதும் அதுதான், எலும்பு கரைந்து பல்லுக்கு வழிவிடச் செய்வதும் அதுதான். முட்டுவலி மாத்திரையும் ஐபுபுரோஃபெனும் அதன் சுரப்பையே அடக்குகின்றன. ஒன்றிரண்டு மாத்திரையில் குடி முழுகிவிடாது. நாள்கணக்கில் போடுவதுதான் கூடாது. பாராசிட்டமால் பெரும்பாலும் மூளைப் பக்கம் வேலை செய்வதால் நாங்கள் முதலில் அதைத்தான் சொல்வோம்.

கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது கணக்கு. உங்கள் மகளுக்கு 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று போதும், 650 தேவையில்லை. 6 மணி நேர இடைவெளி விடுங்கள், நாளுக்கு 4 தடவையைத் தாண்டக் கூடாது. சளி மாத்திரையிலும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும், அட்டையைப் படித்துப் பாருங்கள். கல்லீரல் தொந்தரவோ வேறு மருந்தோ இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தர வேண்டாம்.

டைட் செய்த சில மணி நேரத்தில் வலி தொடங்கி, மறுநாள் உச்சத்துக்குப் போகும். அழுத பிறகு கொடுப்பதைவிட, வீடு வந்ததும் ஏதாவது சாப்பிட வைத்து முதல் மாத்திரையைக் கொடுத்துவிடுங்கள். பெரும்பாலும் இரண்டு நாளுக்கு மேல் தேவைப்படாது. அந்த நாட்களில் இட்லியைக்கூட முன்பல்லால் கடிக்க முடியாது. சந்தகையைத் தேங்காய்ப்பாலில் ஊறவிட்டுக் கொடுங்கள், களி உருண்டை என்றால் அப்படியே விழுங்கிவிடுவாள். நிலக்கடலை, முறுக்கு எல்லாம் கிளிப் கழற்றிய பிறகுதான்.

கன்னத்தில் கம்பி குத்தினால் அதற்கு மாத்திரை எதற்கு? அந்த இடத்தைப் பஞ்சால் துடைத்து, கிளிப் மெழுகைப் பட்டாணி அளவு உருட்டி அழுத்திவிடுங்கள். வீக்கம், காய்ச்சல், ஒரு வாரமாகியும் குறையாத வலி என்றால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

அப்புறம், அடுத்த அப்பாயின்மென்ட்டைச் சனிக்கிழமைக்குக் கேட்டுப் பாருங்கள். வலி உச்சத்தில் இருக்கும் ஞாயிறன்று பள்ளிக்கூடம் இருக்காது.