சீமெந்துத் தூசிக்குள் கட்ட ஒரு மணிக்கூடு

கேள்வி: வயது 44. கட்டட வேலைத்தளங்களில் பொறியியலாளராக இருக்கிறேன். சூரிச்சில் இருக்கும் என் தங்கச்சி நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறாள். "அண்ணா, அம்மாவையும் அப்பாவையும் இவ்வளவு காலமும் நீங்கள்தானே பார்த்தனீங்கள், உங்களுக்கு ஒரு நல்ல மணிக்கூடு வாங்கித் தராமல் விடமாட்டன்" என்று பிடிவாதமாக நிற்கிறாள். கார்ட்டியே டாங்க், ஒமேகா அக்வா டெரா, டியூடர் பிளாக் பே 58 என்று மூன்றின் படம் அனுப்பியிருக்கிறாள். எனக்கு டாங்க்தான் பிடித்திருக்கிறது. அப்பா கட்டியிருந்த தோல்வார் மணிக்கூட்டின் சாயல் அதில் இருக்கிறது. ஒமேகா என்றால் ஊரில் எல்லோருக்கும் தெரியும். டியூடரை நான் கேள்விப்பட்டதே இல்லை. ஒவ்வொரு நாளும் கட்ட எது நல்லது? இவ்வளவு விலையான பொருளைச் சீமெந்துக்குள் கொண்டுபோகலாமா, இல்லாவிட்டால் கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் என்று அலுமாரியில் வைக்கவா?
— வாசகர், கோண்டாவில்

பதில்: டியூடரைக் கேளுங்கள். அது வந்ததும் அடுத்த நாளே வேலைக்குக் கட்டிக்கொண்டு போங்கள்.

உங்கள் மனம் டாங்கில் இருப்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். லூயி கார்ட்டியே 1917இல் வரைந்த வடிவம் அது. போர்க்களத்து டாங்கியை மேலிருந்து பார்த்தால் தெரியும் கோடுகளிலிருந்து பிறந்தது என்பார்கள். நூறு வருடம் கடந்தும் அதன் முகம் பழசாகவில்லை. மெல்லியது, பாரமில்லாதது, சேர்ட் கைக்குள் சத்தமில்லாமல் ஒளிந்துகொள்ளும். அலுவலகக் கதிரையில் இருந்து வேலை செய்யும் ஒருவர் கேட்டிருந்தால் மறுபேச்சின்றி அதைத்தான் சொல்லியிருப்பேன்.

ஆனால் நீங்கள் வெயிலில் நிற்பவர். நம் ஊர் வேர்வையில் தோல்வார் எத்தனை மாதம் தாங்கும் என்பதை அப்பாவின் மணிக்கூட்டிலேயே பார்த்திருப்பீர்கள்: உட்பக்கம் கறுத்து, வெடித்து, பிறகு மணக்கத் தொடங்கும். வாரை மாற்றலாம், அது சின்னச் செலவு. தண்ணீர்தான் பெரிய பிரச்சினை. டாங்க் மணிக்கூடுகளுக்குப் பொதுவாக 30 மீற்றர் என்று குறித்திருப்பார்கள். அதைக் கட்டிக்கொண்டு 30 மீற்றர் ஆழம் போகலாம் என்று அதற்குப் பொருளில்லை. புதிதாக இருக்கும்போது, அசையாத தண்ணீரில், அந்த அளவு அழுத்தத்தைத் தாங்கியது என்பது மட்டும்தான். கை கழுவலாம், மழைத்தூறலில் போகலாம். கிணத்தடியில் வாளியால் அள்ளித் தலையில் ஊற்றிக் குளிப்பதற்கு அது போதாது.

இதை நான் காசு கொடுத்துப் படித்தேன். பல வருடங்களுக்கு முன், ஆசைப்பட்டுச் சேமித்து வாங்கிய சாவி மணிக்கூடு ஒன்று என்னிடம் இருந்தது. அதன் பின்மூடியிலும் 30 மீற்றர் என்றுதான் இருந்தது. அதைக் கழற்றாமல் கீரிமலைக் கேணியில் இறங்கிவிட்டேன். அன்று ஒன்றும் தெரியவில்லை. அடுத்த நாள் காலை கண்ணாடிக்கு உள்ளே மெல்லிய பனி. வெயிலில் வைத்தால் காய்ந்துவிடும், அரிசிக்குள் புதைத்தால் இழுத்துவிடும் என்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள், இரண்டையும் செய்தேன். பனி மறைந்தது, ஈரம் உள்ளேயே தங்கிவிட்டது. ஒரு மாதம் கழித்துத் திறந்தபோது, மணிக்கூட்டின் ஓட்டத்தைச் சீராக வைத்திருக்கும் தலைமயிர் போன்ற சுருள் கம்பியில் துரு ஏறியிருந்தது. உள்ளே பனி தெரிந்த அன்றே திறந்து உலர்த்தியிருந்தால் அதைக் காப்பாற்றியிருக்கலாம். இன்றும் அதை நினைத்தால் மனம் வலிக்கிறது.

அக்வா டெரா இந்த விடயத்தில் நம்பலாம், 150 மீற்றர். காந்தத்தையும் நன்றாகத் தாங்கும், 15,000 காஸ் (காந்த வலிமையின் அளவு) வரை சோதித்து அனுப்புகிறார்கள். தொலைபேசி உறையின் காந்தம், ஒலிபெருக்கி எதுவும் அதை ஒன்றும் செய்யாது. திகதியும் காட்டும். நீங்கள் இதைத் தெரிவுசெய்தாலும் நான் குறை சொல்லமாட்டேன். இருந்தாலும் அது மினுக்கம் கூடியது. அந்த மினுக்கத்தில் விழும் முதல் கீறல் உங்களை வருத்தும், வருத்தினால் கழற்றி வைப்பீர்கள், பிறகு அது நீங்கள் பயப்படும் அந்த அலுமாரிக்குத்தான் போகும். ஊருக்குத் தெரிந்த பெயர் என்பதையும் நான் நிறையாக எடுக்கவில்லை. இருட்டுப்பட்ட பிறகு தனியாக மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும் ஒருவருக்கு, பார்த்தவுடன் விலை தெரியாத மணிக்கூடுதான் நிம்மதி.

டியூடரைக் கேள்விப்படவில்லை என்கிறீர்கள். ரோலெக்ஸை ஆரம்பித்த ஹான்ஸ் வில்ஸ்டோர்ஃப், அதே தரத்தைக் குறைந்த விலையில் கொடுக்க வேண்டும் என்று வளர்த்த பெயர் அது, 1926இல் பதிவானது. பிளாக் பே 58இன் பெயரில் இருக்கும் 58, 1958ஐக் குறிக்கும். 200 மீற்றர் தாங்கும் டியூடரின் முதல் சுழியோடி மணிக்கூடு வந்த ஆண்டு. இதுவும் 200 மீற்றர்தான். குறுக்களவு 39 மில்லிமீற்றர் என்பதால் சாதாரணக் கையில் பெரிதாகத் தெரியாது. செயினின் பெரும்பகுதி மினுக்கம் குறைந்த உருக்கு, கீறல் அவ்வளவு எடுபடாது. கழற்றி வைத்தாலும் ஏறத்தாழ 70 மணித்தியாலம் ஓடும். வெள்ளி பின்னேரம் மேசையில் வைத்தால் திங்கள் காலையும் நேரம் சரியாக இருக்கும். சுருள் கம்பி சிலிக்கனால் ஆனது, காந்தம் அதைப் பிடிக்காது. திகதி இல்லை. தளக் குறிப்பேட்டில் திகதி எழுதும் உங்களுக்கு அது ஒரு குறைதான், தெரிந்தே சொல்கிறேன்.

உங்கள் தொழிலுக்காக இதைச் சொல்வதற்கு முக்கிய காரணம், முகத்தைச் சுற்றி இருக்கும் 60 நிமிட வளையம். கொங்கிறீற்றுக்குத் தண்ணீர் சேர்த்த நேரத்திலிருந்து அதைக் கொட்டி முடிக்கப் பிடிக்கும் 90 நிமிடக் கணக்கு உங்களுக்குத் தெரியும். நம் வெயிலில் அதையும் குறைத்துத்தான் பிடிப்பீர்கள். தண்ணீர் சேர்த்த நிமிடத்துக்கு வளையத்தின் முக்கோணத்தைத் திருப்பிவிடுங்கள். அதற்குப் பிறகு கடதாசி தேட வேண்டாம், சீமெந்துக் கையால் தொலைபேசியைத் தொட வேண்டாம், ஒரு பார்வையில் எத்தனை நிமிடம் போனது என்று தெரியும், ஒரு மணித்தியாலம் தாண்டினால் 60ஐக் கூட்டிக்கொள்ளுங்கள். வளையம் ஒரு பக்கத்துக்கு மட்டுமே திரும்பும். கம்பியில் தட்டுப்பட்டு அசைந்தாலும் போன நேரத்தைக் கூட்டித்தான் காட்டும், குறைத்துக் காட்டாது. தண்ணீருக்கு அடியில் காற்றுக் கணக்குப் பார்ப்பவனின் உயிருக்காகச் செய்த ஏற்பாடு. உங்கள் தூணுக்கும் தளத்துக்கும் அப்படியே பொருந்துகிறது.

சீமெந்துத் தூசி பற்றி: கண்ணாடி சஃபயர் என்ற மிகக் கடினமான படிகம், மணலால் அதைக் கீற முடியாது. உருக்கு கீறுப்படும், அதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். சேவைக்குக் கொடுக்கும்போது மினுக்க வேண்டாம் என்று சொல்லியே கொடுங்கள். மினுக்கும் ஒவ்வொரு முறையும் உலோகம் தேய்ந்து விளிம்புகள் மழுங்கும். வீட்டுக்கு வந்ததும் பக்கத்துச் சாவித் திருகு இறுக்கமாகப் பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வெறும் கிணற்றுத் தண்ணீரில் மென்மையான பல்துலக்கியால் வளையத்தின் இடுக்கையும் செயின் மூட்டுகளையும் கழுவுங்கள். சீமெந்தும் வேர்வை உப்பும் அங்கேதான் குடியிருக்கும். காரைநகர்க் கசூரினாக் கடலில் குளித்தாலும் இதே கழுவல். துளைபோடும் இயந்திரத்தையோ வைபிரேட்டரையோ நீங்களே பிடிக்க நேர்ந்தால் கழற்றி விடுங்கள்.

தண்ணீரை வெளியே நிறுத்துவது ரப்பர் வளையங்கள், அவை வயதாகும். வருடத்துக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். எங்கே திறக்கக் கொடுத்தாலும் முதலில் கேட்க வேண்டியது, "மூடிய பிறகு அழுத்தம் பார்க்கும் இயந்திரம் உங்களிடம் இருக்கா?" என்பதுதான். இல்லை என்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். கை நுட்பம் தெரிந்த, நேர்மையான பட்டறைக்காரர்கள் நம்மிடம் இருக்கிறார்கள், அவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை. ஆனால் அந்த இயந்திரம் இல்லாமல் நல்ல கையாலும் இதை உறுதிசெய்ய முடியாது. தங்கச்சி ஊருக்கு வந்து போகிறவர் என்பதால், பெரிய சேவைக்கு அவரிடமே கொடுத்துவிடுவது நல்லது.

அலுமாரி பற்றிய உங்கள் கேள்விக்கு வருகிறேன். தங்கச்சி இதைத் தருவது நீங்கள் அம்மாவையும் அப்பாவையும் பார்த்த நாட்களுக்காக. ஆஸ்பத்திரி வாசலில் நின்றது, மருந்துக்கு ஓடியது, இரவில் எழுந்து தண்ணீர் கொடுத்தது என்று எல்லாம் சாதாரண நாட்களில் நடந்தவை. அவர் நினைத்து வாங்கித் தருவதும் அப்படியான நாட்களில் உங்கள் கையில் இருக்கட்டும். அப்பாவின் மணிக்கூடு இன்னும் வீட்டில் இருந்தால் அதற்கு நல்ல தோல்வார் ஒன்று போட்டு, கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் அதைக் கட்டுங்கள். டாங்கில் நீங்கள் தேடுவது ஏற்கனவே உங்களிடம் இருக்கிறது.

தங்கச்சிக்குச் சொல்ல வேண்டியவை சில. அங்கீகாரம் பெற்ற கடையில் மட்டும் வாங்கட்டும். 5 வருட உத்தரவாத அட்டையில் திகதி இருக்கிறதா என்று பார்க்கட்டும். பற்றுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கட்டுநாயக்கா விமான நிலையத்தில் சுங்கத்துக்குச் சொல்லியே கொண்டுவரட்டும். செயினில் கழற்றும் கண்ணிகளை எறியாமல் உங்களிடம் தரட்டும், பத்து வருடத்தில் கை பருக்கும். மணிக்கட்டின் அளவை மத்தியானத்தில் எடுங்கள். நம் வெக்கைக்குக் கை அப்போதுதான் வீங்கியிருக்கும், சூரிச் குளிரில் ஒருவரின் கையைப் பார்த்து அளந்தால் இங்கே இறுக்கும். ஒரு கடதாசித் துண்டை மணிக்கட்டெலும்புக்குச் சற்று மேலே சுற்றிக் குறித்து, அடிமட்டத்தோடு வைத்துப் படம் எடுத்து இந்தக் கிழமையே அனுப்பிவிடுங்கள்.