எலைசா சோதனைக்கு எந்த பஃபர்? எதிலிருந்து ஆரம்பிப்பது?

சாண்ட்விச் எலைசா (தேடும் பொருளான ஆன்டிஜனை இரண்டு ஆன்டிபாடிகளுக்கு நடுவே பிடித்து அளக்கும் சோதனை) ஒன்றை அடியிலிருந்து உருவாக்குகிறேன், எந்தக் கட்டத்துக்கு எந்த பஃபர் (பி.எச்.சை நிலையாக வைக்கும் கரைசல்) என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லோரும் கோட்டிங்கில், அதாவது முதல் ஆன்டிபாடியைப் பிளாஸ்டிக் பிளேட்டில் ஒட்டவைப்பதில் தொடங்குவார்கள். நான் கடைசியிலிருந்து பின்னோக்கி வருவேன். சிக்னல் தருவதற்காக உங்கள் ஆன்டிபாடியோடு இணைத்திருக்கும் என்சைம் எது? பாதி பஃபர்களை அதுவே தீர்மானித்துவிடும்.

அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்றால் பி.பி.எஸ். (பாஸ்பேட் கலந்த உப்பு பஃபர்) வேண்டாம், பாஸ்பேட் அந்த என்சைமைத் தடுக்கும். டிரிஸ் பஃபருக்கு மாறுங்கள். ஆனால் டிரிஸின் பி.எச். வெப்பநிலையோடு நகரும். 25 டிகிரியில் சரிசெய்து 4 டிகிரியில் வைத்தால் கிட்டத்தட்ட 0.6 ஏறிவிடும்.

எச்.ஆர்.பி. (ஹார்ஸ்ராடிஷ் பெராக்ஸிடேஸ் என்சைம்) என்றால் சோடியம் அசைடு அந்தப் பக்கமே வரக்கூடாது, அது இந்த என்சைமைத் தடுக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதில் இரண்டு வாரம் தொலைத்தேன். சிக்னல் படுத்துவிட்டது. ஆன்டிபாடி கெட்டுப்போச்சு என்று புதுக் குப்பி திறந்தேன், டி.எம்.பி.யை (என்சைம் நிறமாக மாற்றும் பொருள்) மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் பார்த்தால், வாஷ் பஃபரைப் பூஞ்சை பிடிக்காமல் இருக்க யாரோ அதில் அசைடு போட்டு வைத்திருந்தார்கள். 'யாரோ' என்ன, லேபிளில் இருந்தது என் கையெழுத்துதான்.

சரி, கோட்டிங். 50 மில்லிமோலார் கார்பனேட்-பைகார்பனேட், பி.எச். 9.6, இரவு முழுக்க 4 டிகிரி என்பது வழக்கம், விதி அல்ல. சில ஆன்டிபாடிகளுக்கு 7.4 பி.எச். பி.பி.எஸ்.தான் ஒத்துவரும். ஒரே பிளேட்டில் பாதிப் பாதி போட்டுப் பாருங்கள். வாங்கிய ஆன்டிபாடியில் பி.எஸ்.ஏ. (மாட்டுச் சீரத்து அல்புமின் புரதம்) கலந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் பிளாஸ்டிக்கில் இடம் பிடிக்க அதுவும் போட்டியிடும், எந்த பஃபர் போட்டாலும் கோட்டிங் சொதப்பும்.

பிளாக்கிங்குக்கு, அதாவது பிளேட்டில் மிச்சமிருக்கும் இடத்தைப் புரதத்தால் மூட, 1% பி.எஸ்.ஏ.வில் தொடங்கலாம். கொழுப்பு நீக்கிய பால்பவுடர் மலிவு, பல நேரம் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் ஸ்ட்ரெப்டாவிடின் (பயோட்டினை இறுகப் பிடிக்கும் புரதம்) வைத்திருப்பவர்கள் அதைத் தொடாதீர்கள், பாலில் பயோட்டின் இருக்கிறது. வாஷுக்கு பி.பி.எஸ்.ஸில் (அல்லது டிரிஸில்) 0.05% ட்வீன் 20 (மென்மையான டிடர்ஜென்ட்) போதும்.

அதிக நேரம் செலவழிக்க வேண்டியது சாம்பிளைக் கரைக்கும் பஃபரில். பஃபரில் அழகாக வரும் வளைவு சீரத்தில் கவிழ்ந்துவிடும். மனித சீரத்தில், சோதனையில் நாம் போடும் எலி ஆன்டிபாடிகளைப் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடிகள் இருக்கலாம். சாம்பிளில் ஆன்டிஜனே இல்லாமல் சிக்னல் வரும். சாம்பிள் பஃபரில் சாதாரண எலி ஐ.ஜி.ஜி. (எலியின் பொதுவான ஆன்டிபாடி) சேர்த்தால் பெரும்பாலும் அடங்கும். அப்புறம், தெரிந்த அளவு ஆன்டிஜனைச் சீரத்தில் கலந்து எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்று அளந்து பாருங்கள். 80 முதல் 120 சதவீதத்துக்குள் வரும்வரை உப்பு, ட்வீன், புரத அளவு ஒவ்வொன்றாக மாற்றுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று உங்களுக்கே தெரியாது.