அமெரிக்காவில் ‘அரசைச் சுருக்கு’ என்று போராடும் அமைப்புகளால் மக்களுக்கு உண்மையில் பயன் உண்டா?

நான் கொலராடோ மாநிலத்தில் 14 வருடமாக வாழ்கிறேன். கடைசி 6 வருடமாக எனக்கு இங்கே வாக்குரிமையும் உண்டு. வாஷிங்டன் அரசியலை விட்டுவிட்டு என் மாநிலத்தை வைத்தே பதில் சொல்கிறேன். இந்த அமைப்புகள் பல காலமாகக் கேட்டுவரும் விஷயம் மாநில அரசியல் சாசனத்திலேயே ஏறி உட்கார்ந்திருக்கும் இடம் இது.

பயன் உண்டு. ஆனால் ‘அரசைச் சுருக்கு’ என்பதும் ‘சட்டமன்றமே, கணக்குச் சொல்’ என்பதும் ஒரே துண்டறிக்கையில் பக்கத்தில் பக்கத்தில் அச்சாகி வருவதால், இரண்டும் ஒன்றுதான் என்று நாம் நினைத்துவிடுகிறோம். இரண்டும் வேறு. முதல் கோரிக்கையில் எனக்குப் பாதி உடன்பாடுதான். இரண்டாவதை முழு மனதோடு ஆதரிக்கிறேன்.

முதலில் பணத்தைப் பார்ப்போம். இங்கே எல்லோரும் ‘டேபர்’ (TABOR, வரி செலுத்துவோர் உரிமைச் சாசனம்) என்று சொல்வது 1992இல் மக்கள் வாக்களித்துச் சாசனத்தில் சேர்த்த திருத்தத்தை. டக்ளஸ் புரூஸ் என்பவர் எழுதியது. மக்களைக் கேட்காமல் சட்டமன்றம் வரியை ஏற்ற முடியாது. மாநிலத்தின் வருவாய் ஒவ்வோர் ஆண்டும் விலைவாசி உயர்வும் மக்கள்தொகை வளர்ச்சியும் சேர்ந்த அளவுக்குத்தான் கூடலாம். அதற்கு மேல் வந்தால் மக்களுக்கே திருப்பித் தர வேண்டும். 2022இல் தனிநபருக்கு 750 டாலர், தம்பதியருக்கு 1,500 டாலர் என்று திருப்பித் தந்தார்கள். எங்கள் வீட்டுக்கும் காசோலை வந்தது.

காசோலையைவிட என் மனதில் நின்றது வாக்குச்சீட்டு. நான் முதன்முதலில் வாக்களித்தபோது எங்கள் பள்ளி மாவட்டம், அதாவது வட்டாரப் பள்ளிகளை நடத்தும் உள்ளாட்சி அமைப்பு, கூடுதல் சொத்து வரி கேட்டிருந்தது. டேபர் விதிப்படி, வரியைக் கூட்டும் கேள்வி அந்தத் தொகையைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும்: ஆண்டுக்கு இத்தனை டாலர் வரியை உயர்த்தலாமா என்று, முழுக்கப் பெரிய எழுத்தில். பணம் எதற்கு என்பதெல்லாம் பிறகுதான். என் மகள் படிக்கும் பள்ளி, அவள் ஆசிரியரின் சம்பளம், அந்த வட்டாரத்தின் எதிர்காலம் எல்லாம் அந்தத் தொகைக்குப் பின்னால் வரிசையில் நின்றன. சமையலறை மேசையில் நானும் மனைவியும் நெடுநேரம் பேசிவிட்டு ‘ஆம்’ என்று குறித்தோம். கேட்கப்பட்டோம் என்பது எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. கேள்வியின் அமைப்பே ‘இல்லை’ பக்கம் சாய்ந்திருக்கிறதே என்ற வருத்தமும் அன்றே தொடங்கியது.

அந்த வருத்தத்துக்குக் காரணம் உண்டு. 2001இல் பொருளாதாரம் சரிந்தபோது மாநில வருவாய் விழுந்தது. அடுத்த ஆண்டின் உச்சவரம்பை, விழுந்த அந்த இடத்திலிருந்தே கணக்கிட வேண்டும் என்பது விதி. பொருளாதாரம் எழுந்து நின்றாலும் அரசின் செலவு எழ முடியவில்லை. கல்லூரிகளும் பள்ளிகளும் அடிவாங்கிய பிறகு, 2005இல் மக்களே ‘ரெஃபரண்டம் சி’ என்ற வாக்கெடுப்பு மூலம் அந்த வரம்பை 5 ஆண்டுக்கு நிறுத்திவைத்து, விழுந்த இடத்துக்கே வரம்பை இறக்கும் அந்த விதியையும் எடுத்தார்கள். இதே மாதிரித் திட்டத்தை 2006இல் மெய்ன், நெப்ராஸ்கா, ஓரிகன் மாநிலங்களின் வாக்காளர்கள் நிராகரித்தார்கள். ஒரு சூத்திரத்தைச் சாசனத்தில் பூட்டிவிட்டால், கெட்ட காலத்தில் அதைத் திறக்கவே பல ஆண்டு பிடிக்கிறது. அதனால்தான் பாதி உடன்பாடு என்றேன்.

பூட்டினாலும் பணம் வேறு வழி தேடும் என்பதையும் பார்த்துவிட்டேன். ‘வரி’ என்றால்தானே மக்களைக் கேட்க வேண்டும்? ‘கட்டணம்’ என்று பெயர் வைத்து, அதற்கென்று தனி அரசு அமைப்பு உருவாக்கினால் கேட்க வேண்டாம். இதையும் தடுக்க 2020இல் இன்னொரு வாக்கெடுப்பு வந்து வென்றது: முதல் 5 ஆண்டில் 10 கோடி டாலருக்கு மேல் கட்டணம் வசூலிக்கக்கூடிய புதிய அமைப்பு என்றால் மக்கள் ஒப்புதல் தேவை. அந்த ஒன்றுக்கு நான் தயங்காமல் வாக்களித்தேன்.

இனி எனக்கு நெருக்கமான பகுதி. 1988இல் இங்கே ‘கேவல்’ என்றொரு திருத்தம் நிறைவேறியது. சபைத் தலைவர் கையால் தட்டும் மரச் சுத்தியலுக்கு இங்கே அந்தப் பெயர்தான். அதற்கு முன்பு, தலைமைக்குப் பிடிக்காத மசோதாவை ஒரு கமிட்டியில் போட்டு, விசாரணையே இல்லாமல் சாகவிடலாம். கேவல் வந்தபின் ஒவ்வொரு மசோதாவையும் கமிட்டி எடுத்துப் பேசி வாக்கெடுத்தே ஆக வேண்டும். கட்சிக்காரர்கள் தனியாகக் கூடி, இப்படித்தான் வாக்களிக்க வேண்டும் என்று உறுப்பினர்களைக் கட்டிப்போடவும் கூடாது. இதில் இடது, வலது இல்லை. அரசு பெரிதாக இருக்கட்டும், சிறிதாக இருக்கட்டும், எந்தக் கதவுக்குப் பின்னால் யார் என்ன செய்தார்கள் என்று குடிமகனுக்குத் தெரிய வேண்டும்.

இந்தக் கதவு தானாகத் திறந்து நிற்பதும் இல்லை. எந்த மசோதாவுக்கு முதலில் பணம் ஒதுக்கலாம் என்று முடிவு செய்ய, இங்கே சட்டமன்ற உறுப்பினர்கள் சில ஆண்டுகளாக ரகசிய வாக்கெடுப்பு ஒன்றை நடத்தி வந்தார்கள். அதை எதிர்த்து வழக்கு போனது. திறந்த கூட்டங்கள் சட்டத்தை அது மீறுகிறது என்று 2024 ஜனவரியில் டென்வர் மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த மார்ச்சிலேயே சட்டமன்றம் அந்தச் சட்டத்தையே தனக்கு ஏற்றபடி தளர்த்திக்கொண்டது. மக்கள் 1972இல் வாக்களித்துக் கொண்டுவந்த சட்டம் அது. கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை.

தேசிய அளவிலான பெரிய அமைப்புகளிடம் எனக்குள்ள மனக்குறை, அவர்கள் வைத்திருக்கும் மதிப்பெண் அட்டை. முக்கியமான வாக்கெடுப்புக்கு முன் ‘இதை நாங்கள் கணக்கில் எடுப்போம்’ என்று உறுப்பினர்களுக்குக் கடிதம் போகும். ஆண்டு முடிவில் நூற்றுக்கு இவ்வளவு என்று மதிப்பெண் வரும். குரோவர் நார்க்விஸ்ட் என்பவரின் வரி எதிர்ப்பு அமைப்பு 1986 முதல் அரசியல்வாதிகளிடம் வாங்கிவரும் ‘வரியை உயர்த்த மாட்டேன்’ உறுதிமொழியும் இந்த வகைதான். வாக்குகளைத் தொகுத்துத் தருவது நல்ல வேலை, மறுக்கவில்லை. ஆனால் அந்த மதிப்பெண், ஓர் உறுப்பினர் அந்த அமைப்புக்கு எவ்வளவு பணிந்தார் என்பதைச் சொல்கிறது. இவர்களில் பலர் தங்களுக்குப் பணம் கொடுப்பவர்களின் பெயரை வெளியிடச் சட்டப்படி தேவையில்லாத வகையில் பதிவாகியிருக்கிறார்கள். சட்டமன்றத்திடம் கணக்குக் கேட்பவர் தன் கணக்கைக் காட்டாவிட்டால், அவர் தரும் அட்டையை நான் ஒதுக்கிவைத்துவிட்டு, வாக்குப் பதிவை நானே தேடிப் படிக்கிறேன்.

போன வருடம் ஒரு மசோதாவுக்காகக் கமிட்டி முன் பேசப் பெயர் கொடுத்தேன். அரசு ஒப்பந்த விவரங்களை எளிதில் தேடும்படி வெளியிடச் சொல்லும் மசோதா. யார் வேண்டுமானாலும் பதிவு செய்து பேசலாம். நான்கு மணி நேரம் காத்திருந்து இரண்டு நிமிடம் பேசினேன். குரல் நடுங்கியது. எனக்கு முன்னால் பேசியவர் ‘அரசைச் சுருக்கு’ அமைப்பிலிருந்து வந்தவர், பின்னால் பேசியவர் ஒரு தொழிற்சங்கக்காரர். மூன்று பேரும் ஒரே பக்கம். மசோதா தோற்றது. ‘காலவரையின்றி ஒத்திவைப்பு’ என்று இங்கே அதற்குப் பெயர். ஆனால் செயலர் ஒவ்வொரு பெயராக அழைக்க, ஒவ்வொருவரும் வாயைத் திறந்து ‘ஆம்’, ‘இல்லை’ என்று சொல்ல வேண்டியிருந்தது. என் தொகுதியின் உறுப்பினர் ‘ஒத்திவைக்கலாம்’ என்று சொன்னார். அந்த ஒலிப்பதிவு சட்டமன்றத் தளத்தில் இருக்கிறது. அவர் அடுத்து எங்கள் தெருவுக்கு வாக்குக் கேட்டு வரும்போது, நான் கேட்கப்போகும் முதல் கேள்வி அதைப் பற்றித்தான்.