ஸ்பௌஸ் விசா ப்ராசஸ்ல இருக்கும்போது டூரிஸ்ட் விசாவுல போய் கணவரைப் பாத்துட்டு வரலாமா?

கேள்வி: கல்யாணம் ஆகி ரெண்டு மாசம் ஆகுது, கணவர் அமெரிக்க சிட்டிசன். சிஆர்1 போடறதா கே3 போடறதா? அது வர்ற வரைக்கும் டூரிஸ்ட் விசாவுல போய் இருந்துட்டு வரலாமா?

சிஆர்1 போடுங்க, அதான் இறங்குனதும் கிரீன் கார்டு கிடைக்கற ஸ்பௌஸ் விசா. கே3-ய மறந்துடுங்க. போய்ட்டு வரலாமாங்கறதுக்குத்தான் ஒரு வரியில பதில் சொல்ல முடியாது, நான் அதுல மாட்டி முழிச்சவ.

முதல்லயே சொல்லிடறேன், நான் வக்கீல் இல்ல. கமெண்ட்ல வந்து "எங்க அக்கா விசிட்டுக்குப் போயி அங்கேயே கிரீன் கார்டு அப்ளை பண்ணி செட்டில் ஆயிட்டா"ன்னு சொல்ற ஆளுங்க உண்டு, உங்க அக்கா நல்லா இருக்கட்டும். ஆனா அங்கேயே தங்கிடற எண்ணத்த மனசுல வச்சுக்கிட்டு டூரிஸ்ட்டுன்னு சொல்லி உள்ள போனா அது பொய் சொல்லி நுழைஞ்ச கணக்கு, மாட்டுனா வாழ்நாள் தடை வரைக்கும் போகும். அந்த வழிய நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

கே3 கதை சின்னது. 2000-ல வந்த ஒரு சட்டத்துல உண்டாக்குன விசா அது. மனைவிக்காக கணவர் போடற ஐ-130 பெட்டிஷன் வருஷக்கணக்குல தூங்கிக்கிட்டு இருந்த காலம், அதுக்குள்ள புருஷன் பொண்டாட்டி ஒண்ணா இருக்கட்டும்னு கொண்டு வந்தாங்க. இப்ப ரெண்டு ஃபைலும் ஏறக்குறைய ஒரே வேகத்துல தான் நகருது, ஐ-130 அப்ரூவ் ஆன கையோட கே3-ய மூடிடறாங்க. எங்களுக்கும் அதே தான் நடந்துச்சு. ஒரு கன்சல்டன்ட், "கே3 போட்டா நாலு மாசத்துல ஃப்ளைட் ஏறிடலாம்மா"ன்னு சொல்லி 25,000 ரூபா வாங்குனாரு. அந்த பெட்டிஷனுக்கு கவர்ன்மென்ட் ஃபீஸே கிடையாதுன்னு அப்புறம் தான் தெரிஞ்சுது. கேட்டதுக்கு "என் டைமுக்கு காசு இல்லையா"ன்னாரு.

இப்ப என் கதைக்கு வர்றேன். கல்யாணம் 2018 ஜனவரி, மார்ச்ல ஐ-130 போட்டோம், அப்ப 535 டாலர் (2024 ஏப்ரல்ல 675 ஆக்கிட்டாங்க, ஆன்லைன்ல போட்டா 625). எங்கிட்ட ஏற்கனவே பி1/பி2 விசா (பி1 பிசினஸ், பி2 டூரிஸ்ட்) இருந்துச்சு, ஆபீஸ் வேலையா 2016-ல எடுத்தது, பத்து வருஷத்துக்கு. பெட்டிஷன் போட்டதால அது தானா கேன்சல் ஆகாது. அந்த வருஷம் தலை தீபாவளி. அவருக்கு லீவு கிடைக்கல. சரி நானே மூணு வாரம் போய்ட்டு வர்றேன்னு கிளம்புனேன். தலை தீபாவளிக்கு மாப்பிள்ளை இங்க வர்றது தான் வழக்கம், பொண்ணு தேடிப் போறது என்ன புதுசான்னு பெரியம்மா ஒரு பக்கம், "ஒரேயடியா போறியா, இல்ல போய்ட்டு வர்றியா"ன்னு பக்கத்து வீட்டு அக்கா ஒரு பக்கம்.

நியூவார்க் ஏர்போர்ட்ல இறங்குனேன். ஆபீசர் எதுக்கு வந்திருக்கேன்னு கேட்டாரு, ஹஸ்பண்ட பாக்கன்னு சொன்னேன். அவர் சிட்டிசனா? ஆமா. உனக்கு பெட்டிஷன் போட்டிருக்காரா? ஆமா. அவ்ளோதான், பாஸ்போர்ட்ட ஒரு கவர்ல போட்டு உள் ரூமுக்கு அனுப்பிட்டாங்க. போனத் தொடக்கூடாது. ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தேன், வெளிய அவர் என்ன ஆச்சுன்னு தெரியாம நின்னுக்கிட்டு இருந்திருக்காரு. அப்புறம் பெட்டியத் திறக்கச் சொன்னாங்க. சாம்பார் பொடி, புடவை, அவருக்கு வேட்டி சட்டை எல்லாம் வரிசையா வந்துச்சு, அடியில ஒரு நீல ஃபைல். நான் வைக்கல. அப்பா வச்சிருக்காரு. பத்தாவது மார்க் ஷீட், பன்னெண்டாவது, காலேஜ்ல எட்டு செமஸ்டரும், டிகிரி சர்டிஃபிகேட், எல்லாமே ஒரிஜினல், ஒவ்வொண்ணும் தனித்தனி பிளாஸ்டிக் கவர்ல. அந்த ஆபீசர் பக்கம் பக்கமா திருப்புறாரு, எனக்கு கை சில்லிட்டுப் போச்சு. "மூணு வாரத்துக்கு வர்றவங்களுக்கு இது எதுக்கு?"ன்னாரு. எங்கப்பா எனக்குத் தெரியாம வச்சுட்டாருன்னு சொன்னா எனக்கே அது பொய் மாதிரி கேக்குது.

என்னக் காப்பாத்துனது ரெண்டு விஷயம். ஒண்ணு, நவம்பர் 19 வேலைக்குத் திரும்பறேன்னு தேதி போட்டு மேனேஜர் கையெழுத்து வச்ச லீவ் லெட்டர், கூடவே ரிட்டர்ன் டிக்கெட். இன்னொண்ணு, அந்த ஆபீசர் எங்க வீட்டுக்காரருக்கு போன் போட்டு "உன் மனைவி எப்ப திரும்பிப் போறாங்க"ன்னு கேட்டிருக்காரு, மளிகை லிஸ்ட்ட பாக்கெட்ல வச்சுக்கிட்டே பாலை மறந்துட்டு வர்ற மனுஷன் பதினேழாம் தேதின்னு சரியா சொல்லிட்டாரு. வழக்கமா ஆறு மாசம் குடுப்பாங்க, எனக்கு ஸ்டாம்ப் மேல நவம்பர் 30-ன்னு கையால எழுதிக் குடுத்தாங்க. பரவால்லன்னு வாங்கிட்டு ஓடியாந்தேன்.

அதனால, கையில பி2 இருந்தா போலாம், ஆனா விசா இருக்கறதும் உள்ள விடறதும் வேற வேற, கடைசி முடிவு ஏர்போர்ட்ல நிக்கற ஆபீசர் கையில. திரும்பி வர்றதுக்கான காரணம் பேப்பர்ல இருக்கணும். கேட்டா உள்ளத உள்ளபடி சொல்லணும். பெட்டிய நீங்களே பேக் பண்ணுங்க, அப்பாவ பக்கத்துல விடாதீங்க.

உங்க கிட்ட பி2 இல்லன்னு தான் நெனைக்கிறேன், இருந்திருந்தா கேள்விய வேற மாதிரி கேட்டிருப்பீங்க. இப்ப புதுசா போட்டா கஷ்டம். 214(பி)-ன்னு ஒரு பிரிவு, அதுப்படி நீங்க திரும்பி வருவீங்கன்னு நீங்க தான் நிரூபிக்கணும், அதுவரைக்கும் தங்கிடுவீங்கன்னு தான் அவங்க எடுத்துக்குவாங்க. டிஎஸ்-160-ங்கற விசா அப்ளிகேஷன் ஃபார்ம்லயே உங்களுக்காக யாராச்சும் இமிக்ரன்ட் பெட்டிஷன் போட்டிருக்காங்களான்னு நேரா ஒரு கேள்வி இருக்கு. இல்லன்னு டிக் பண்ணுங்கன்னு சொல்ற ஏஜென்ட்டு இருக்காங்க, அந்த ஒரு டிக் நாளைக்கு சிஆர்1-யும் சேத்து முழுங்கிடும். ஆமான்னு போட்டா ரிஜெக்ட் ஆக சான்ஸ் அதிகம், விசா ஃபீஸ் 185 டாலர் திரும்ப வராது. ஆனா ரிஜெக்ட் ஆனதால மட்டும் ஸ்பௌஸ் விசா கெட்டுப் போகாது.

எனக்குக் கேட்டா உங்க கணவர வரச் சொல்லுங்க. பழைய இந்திய பாஸ்போர்ட்காரர்னா ஓசிஐ கார்டு (வெளிநாட்டு சிட்டிசன் ஆன இந்தியர்களுக்கு இந்தியா குடுக்கறது) வச்சிருப்பாரு, வந்துட்டுப் போறதுல சிக்கலே இல்ல. அந்த போர்டிங் பாஸ், சேந்து எடுத்த போட்டோ எல்லாம் இன்டர்வியூவுக்கு எவிடன்ஸ் ஆகும். என் கணவர் அப்புறமா ரெண்டு தடவ வந்தாரு. லீவு எப்படி கிடைச்சுதுன்னா, அழுது வாங்குனது நான், அதெல்லாம் இங்க எழுத முடியாது.

மத்தபடி ஐ-130 டிசம்பர்ல அப்ரூவ் ஆச்சு, என்விசி-ல (நேஷனல் விசா சென்டர்) 325 டாலரும் 120 டாலரும் கட்டி பேப்பர் சேத்து, 2019 ஜூலைல மும்பைல இன்டர்வியூ, அஞ்சு நிமிஷம் கூட ஆகல. ஆகஸ்ட்ல போய்ச் சேந்தேன். கல்யாணம் ஆகி ரெண்டு வருஷம் முடியாம உள்ள போனா சிஆர்1, ரெண்டு வருஷ கிரீன் கார்டு தான், அது முடியறதுக்கு முந்தின 90 நாளுக்குள்ள, அந்த ரெண்டு வருஷ நிபந்தனைய எடுக்கச் சொல்லி ஐ-751 ஃபார்ம் போடணும். ரெண்டு வருஷம் தாண்டி நுழைஞ்சா ஐஆர்1, நேரா பத்து வருஷம். உங்க ப்ராசஸ் இழுத்தா கடைசியில தேதியப் பாத்து டிக்கெட் போடுங்க, விசா எக்ஸ்பைரி தேதிக்குள்ள அந்த ரெண்டு வருஷம் முடிஞ்சா நல்லது. கணவர் சிட்டிசனா இல்லாம கிரீன் கார்டுன்னா அது எஃப்2ஏ, வரிசைல நிக்கணும், அது உங்களுக்கு வேணாம்.

கடைசியா, நீங்க கேக்கல ஆனா சொல்லாம இருக்க முடியல. பாஸ்போர்ட்ல சர்நேம் கட்டம் காலியா இருக்கான்னு இப்பவே பாருங்க. நம்மாளுங்களுக்கு ஏது சர்நேம், ஒரு இனிஷியல், அதோட சரி. என் பாஸ்போர்ட்ல அது காலி. அதனால என் பேர சர்நேம் ஆக்கிட்டு முன்னாடி எஃப்என்யூ-ன்னு போட்டுட்டாங்க, முதல் பேர் தெரியலன்னு அர்த்தமாம். கிரீன் கார்டுலயும் அதான், பல் டாக்டர் கிளினிக்லயும் அதான். "ஃப்னு... ஃப்னு..."ன்னு கூப்புடுவாங்க, நானும் எந்திரிச்சுப் போவேன்.