கானா: கொக்கோ, கடன், வடக்கு – சில கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மேற்கு ஆப்பிரிக்காவில் ஏழை நாடாக இருந்த கானா, 2010-ல் திடீரென்று நடுத்தர வருமான நாடு ஆனது எப்படி?

கணக்கு போடும் முறை மாறியது. அடிப்படை ஆண்டை, அதாவது கணக்குக்கு அளவுகோலாக எடுக்கும் ஆண்டை, 1993-லிருந்து 2006-க்கு மாற்றினார்கள். பழைய கணக்கில் சரியாகப் பதிவாகாத செல்போன், வங்கி போன்ற துறைகள் உள்ளே வந்ததும் நாட்டின் உற்பத்தி மதிப்பு சுமார் 60% கூடிவிட்டது. அதற்காக வளர்ச்சியே பொய் என்று நினைத்துவிடாதீர்கள். 1990-களின் தொடக்கத்தில் பாதிப் பேருக்கு மேல் வறுமையில் இருந்தார்கள். 2016-17 கணக்கெடுப்பில் அது 23.4%.

கேள்வி: 2024-ல் சாக்லேட்டுக்கான கொக்கோவின் விலை டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டியது. கானா விவசாயிகள் நல்ல காசு பார்த்திருப்பார்களே?

பார்க்கவில்லை. எனக்கு மனசு ஆறாத விஷயம் இது. அங்கே கொக்கோவை விவசாயி இஷ்டப்பட்ட விலைக்கு விற்க முடியாது. ‘கோகோபாட்’ என்ற அரசு வாரியம் பருவத்துக்கு ஒரு விலையை அறிவிக்கும். நாடு முழுக்க அதே விலைதான். அந்த வாரியம் விளைச்சலில் பெரும்பகுதியை முன்கூட்டியே விற்று, அந்த ஒப்பந்தங்களைக் காட்டி வெளிநாட்டு வங்கிகளில் கடன் வாங்கிவந்தது. ஆக, உலக விலை ஏறியபோது கானாவின் கொக்கோ பழைய விலைக்குப் பேசி முடிக்கப்பட்டிருந்தது.

விளைச்சலும் விழுந்தது. 2020-21-ல் 10 லட்சம் டன்னைத் தாண்டியது, மூன்றே ஆண்டுகளில் ஏறக்குறைய பாதியானது. மரங்களுக்கு வயதாகிவிட்டது, தண்டு வீங்கும் வைரஸ் நோய் வேறு. போதாததற்கு ‘கலாம்சே’ எனப்படும் திருட்டுத் தங்கச் சுரங்கம், தோப்புகளைக் குழிகளாக்கி ஆறுகளைச் சேறாக்கியது.

அந்த உழைப்பைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். காயை அரிவாளால் அறுத்து, உடைத்து, கொட்டைகளை வாழையிலைக்குள் மூடி ஆறேழு நாள் புளிக்கவிட வேண்டும். அப்புறம் பாயில் பரப்பி, கையால் கிளறிக் கிளறி ஒரு வாரம் காயவைக்க வேண்டும். இவ்வளவும் செய்து 64 கிலோ மூட்டையாகக் கட்டினால், 2024 செப்டம்பரில் உயர்த்திய பிறகும் கிடைத்தது 3,000 செடி (கானாவின் நாணயம்). அன்றைய உலக விலையில் அது பாதிகூட இல்லை. பக்கத்து நாடுகளுக்கு மூட்டைகள் கள்ளத்தனமாகப் போனதில் என்ன ஆச்சரியம்?

கேள்வி: அப்படியானால் வாரியத்தையே கலைத்துவிடலாமே?

கூடாது. 2016-17-ல் உலக விலை சரிந்தபோது கானா விவசாயிக்கான விலையை வாரியம் குறைக்கவில்லை. அந்தப் பாதுகாப்பு சின்ன விவசாயிக்கு அவசியம். ஆனால் விலை ஏறும்போதும் அவன் பங்கு தானாக ஏறும்படி விதி இருக்க வேண்டும்.

கேள்வி: மேல்நிலைக் கல்வியை இலவசமாக்கியது வேலை செய்ததா?

2017-ல் தொடங்கினார்கள். பிள்ளைகள் குவிந்தார்கள். வகுப்பறை போதாமல் அடுத்த ஆண்டே பல பள்ளிகளில் மாணவர்களை இரண்டாகப் பிரித்து, மாற்றி மாற்றி வரச்சொன்னார்கள். நெரிசல் உண்மைதான். இருந்தாலும் நல்ல முடிவு என்றே சொல்வேன். கட்டணத்துக்குப் பயந்து வீட்டில் நின்றுபோன பெண் பிள்ளைகள் எத்தனை பேர்!

கேள்வி: 2022-ல் என்ன ஆயிற்று?

கடன் கழுத்தை நெரித்தது. டிசம்பரில் பெரும்பாலான வெளிக்கடன்களுக்குத் தவணை கட்டுவதை நிறுத்தினார்கள். அந்த மாதப் பணவீக்கம் 54.1%. 2023 மே மாதம் ஐ.எம்.எஃப். (சர்வதேச நிதியம்) 300 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. இதற்கிடையே, உள்நாட்டுக் கடனையும் மாற்றியமைக்க அரசு முயன்றபோது, அரசுப் பத்திரங்களில் போட்ட சேமிப்பைத் தொடாதீர்கள் என்று ஓய்வூதியர்கள் நிதி அமைச்சகத்தின் முன் நின்று போராடினார்கள். முன்னாள் தலைமை நீதிபதி சோஃபியா அக்குஃபோவும் அவர்களோடு நின்றார்.

கேள்வி: தலைநகர் அக்ராவின் சந்தையில் சுமை தூக்கும் சிறுமிகள் யார்?

‘கயாயே’ என்பார்கள். பெரும்பாலும் வடக்கிலிருந்து வருகிறவர்கள். பெரிய அலுமினியப் பாத்திரத்தில் அடுத்தவர் வாங்கிய சாமானை ஏற்றி, தலையில் சுமந்து, கூட்டத்தில் ஓட்டமும் நடையுமாகப் போவார்கள். ராத்திரி பலருக்குக் கடை வாசல்தான் படுக்கை. தெற்கில் இரண்டு மழைக்காலம், கொக்கோ, தங்கம், துறைமுகம் எல்லாம் உண்டு. வடக்கில் மழைக்காலம் ஒன்றே ஒன்று. அது முடிந்தால் மாதக்கணக்கில் வயலில் வேலை இல்லை, பஸ் ஏறுகிறார்கள். அதே வடக்கில் நவ்ரோங்கோ ஊர்ப் பக்கம் டோனோ அணையின் பாசனத்தில் வறண்ட மாதங்களிலும் பயிர் செய்கிறார்கள். என்னைக் கேட்டால், அரசு அடுத்த காசை வடக்கில் அப்படிப்பட்ட பாசனத்துக்குத்தான் முதலில் செலவிட வேண்டும்.