தாத்தாவின் பழைய ஆட்டோமேட்டிக் வாட்ச் நின்றுவிட்டது. மெஷினை மாற்றி, டயலுக்குப் பெயின்ட் அடிக்கலாமா?

இரண்டும் வேண்டாம். தாத்தா வாட்ச் என்கிறீர்கள், பீரோவில் பல வருஷம் சும்மா கிடந்திருக்கும், உள்ளே ஆயில் காய்ந்து பிசினாகியிருக்கும். பிரித்துக் கழுவி ஆயில் விட்டாலே பெரும்பாலும் ஓடிவிடும்.

என்னிடம் இருப்பது பெரியப்பாவின் ஒமேகா. கோலார் தங்கவயலில் வேலை பார்த்தபோது யாரிடமோ பழசாக வாங்கியது. கிருஷ்ணகிரியில் ஒரு கடையில் கொடுத்தேன். பின்மூடியைத் திறந்து, கை அசையும்போது ஆடிக் கீ கொடுக்கும் வெயிட்டைப் பார்த்தவர், "வெயிட்டு முழுசா சுத்தலைங்க, முட்டிக்கிட்டு நிக்குது. வேற மெஷின் போட்டுத் தரேன்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது பம்பர் ஆட்டோமேட்டிக். 1940களில் ஒமேகா போட்ட அந்த மெஷினில் வெயிட் முழு வட்டம் சுற்றவே சுற்றாது. இரண்டு பக்கமும் குட்டி ஸ்பிரிங் இருக்கும், அதில் இடித்து இடித்துத் திரும்பும், அந்த ஆட்டத்திலேயே கீ ஏறிக்கொள்ளும். கட்டிக்கொண்டு கையை வீசினால் மணிக்கட்டில் டொக்கென்று தட்டுவது தெரியும். எட்டெர்னா என்ற சுவிஸ் கம்பெனி 1948லேயே ஐந்து குட்டி பால் பேரிங் மேல் அந்த வெயிட்டை முழுசாகச் சுழல விட்டுவிட்டது (அவர்கள் சின்னத்தில் இருக்கும் ஐந்து புள்ளி அதுதான்), ஒமேகா 1950களின் நடுவில்தான் மாறியது. வாட்சைத் திருப்பி வாங்கிக்கொண்டு பெங்களூரில் ஒரு பெரியவரிடம் போனேன். காதோரம் வைத்து ஒரு ஆட்டு ஆட்டினார், "பம்பரா?" என்றார். அவ்வளவுதான், நிம்மதியாகக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஓசூரில் வாட்ச் ஆலையே இருக்கிறதே என்று கிளம்பிவிடாதீர்கள், இது வேறு கைவேலை. காசு உள்ளவன் பேச்சு என்றும் நினைக்க வேண்டாம், நான் வாங்குவதெல்லாம் சந்தையில் கிடைக்கும் ஓடாத எச்எம்டிதான்.

வாட்ச் ஓட ஆரம்பித்ததும் பெரியப்பா மகனுக்குத் திடீரென்று அப்பா ஞாபகம் வந்துவிட்டது, பங்கு வேண்டுமாம். தோப்பு போர் மோட்டார் காயில் எரிந்தபோது பங்குப் பணம் கேட்டால் போனை எடுக்காதவர். சரி, அதை விடுங்கள்.

டயலில் கறை இருந்தால் இருக்கட்டும். பெயின்ட் அடித்த சீக்கோ 5, எச்எம்டி எல்லாம் பார்த்திருப்பீர்கள், எழுத்து தடித்து, நிமிடக் கோடு கோணி, கம்பெனி போடவே போடாத ரோஸ் கலரில். விலையும் விழுந்துவிடும். முள்ளில் ஒளிரும் பூச்சு இருந்தால் யாரையும் சுரண்ட விடாதீர்கள், அந்தக் காலத்தில் கதிர்வீச்சு உள்ள நிஜ ரேடியம் பூசினார்கள். அப்புறம், கடைக்காரர் மூடியைத் திறக்கும்போது பக்கத்திலேயே நின்று மெஷின் நம்பரை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.