கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரித்தால் குவாரிதான் காரணமா?

கேள்வி: எங்கள் ஊர் மேலூர் பக்கம். தோட்டத்துக் கிணற்றிலிருந்து 400 மீட்டரில் ஜல்லிக்கல் குவாரி ஓடுகிறது. இரண்டு வருடமாகத் தண்ணீர் உப்புக் கரிக்கிறது, பருப்பு வேகமாட்டேன் என்கிறது, நீர்மட்டமும் இறங்கிவிட்டது. சுரங்கத்துப் பக்கத்துத் தண்ணீரில் என்னென்ன பார்க்க வேண்டும் என்று ஒரு பட்டியல் கிடைத்தது. இரும்பு, மாங்கனீசு, சல்பேட், அமிலத்தன்மை என்று நீள்கிறது. எல்லாவற்றையும் பரிசோதிக்கக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம், காசுதான் வீண். அது நிலக்கரிச் சுரங்கத்துக்கான பட்டியல். நிலக்கரியோடு பைரைட் என்ற இரும்புக் கந்தகத் தாது சேர்ந்து கிடக்கும். அதைத் தோண்டி வெளியே போட்டதும் காற்றும் மழைத்தண்ணீரும் பட்டுக் கந்தக அமிலம் ஊறும். அந்த அமிலம் பாறையிலுள்ள உலோகங்களையும் கரைத்துக்கொண்டு ஓடையில் இறங்கும். மேகாலயாவின் ஜெயின்டியா மலைப் பகுதி ஆறுகள் அப்படிக் கெட்டவைதான். நெய்வேலியில் கதை வேறு. அங்கே பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீரை ஓயாமல் இறைத்தால்தான் சுரங்கமே நடக்கும்.

உங்கள் ஊர்ப் பாறை கிரானைட், நைஸ் வகை. அமிலம் ஊறும் அளவுக்குப் பைரைட் பொதுவாக இதில் இருக்காது. ஆனால் நெய்வேலிக் கதையின் சின்ன வடிவம் உங்கள் ஊரிலும் நடக்கலாம். கெட்டிப் பாறையில் தண்ணீர் வெடிப்புகள் வழியாகத்தான் ஓடும். குவாரிப் பள்ளம் உங்கள் கிணற்றைவிட ஆழமாகி, தேங்கும் தண்ணீரை மோட்டார் வைத்து வெளியேற்றினால் உங்கள் ஊற்று அந்தப் பக்கம் திரும்பிவிடும். மேல்மட்ட நல்ல தண்ணீர் வற்றியதும், ஆழத்து வெடிப்புகளில் நெடுநாள் கிடந்து உப்பும் ஃபுளோரைடும் ஏறிய தண்ணீர்தான் மிஞ்சும். குவாரிக்காரர் எதையும் கொட்டாமலேயே உங்கள் கிணறு கரிக்க இது போதும்.

அதனால் முதல் வேலை அளவுக்கயிறு. கிணற்று விளிம்புக் கல்லில் பெயிண்டால் ஒரு கோடு போடுங்கள். தினமும் விடியற்காலை, உங்கள் மோட்டாரைப் போடும் முன், கல் கட்டிய கயிற்றை அந்தக் கோட்டிலிருந்து இறக்கி அளந்து நோட்டில் எழுதுங்கள். குவாரி மோட்டார் ஓடிய நாள், நின்ற நாள், வெடி வைத்த நாள், மழை பெய்த நாள் எல்லாம் பக்கத்திலேயே இருக்கட்டும். குவாரி மோட்டார் நின்ற வாரத்தில், மழையும் இல்லாமல், மட்டம் தானாக ஏறினால் அதைவிட வலுவான சாட்சி ஆய்வகத்திலும் கிடைக்காது.

அப்புறம் பரிசோதனை. பிஎச் (அமில, கார அளவு), டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு), கடினத்தன்மை, குளோரைடு, ஃபுளோரைடு, நைட்ரேட், அம்மோனியா போதும். வெடிமருந்தில் அம்மோனியம் நைட்ரேட் உண்டு. வெடிக்காமல் சிதறியது மழையில் கரைந்து இறங்கும். ஆனால் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்ற குடிநீர் வரம்பைத் தாண்டியதுமே குவாரியைக் கைகாட்டிவிட முடியாது. யூரியா போட்ட வயலும் கக்கூஸ் குழியும்கூட நைட்ரேட் தரும். குளோரைடும் கிருமியும் சேர்ந்து ஏறியிருந்தால் கக்கூஸ் குழியைச் சந்தேகியுங்கள். குவாரிப் பள்ளத்துத் தண்ணீரிலேயே நைட்ரேட் அதிகம் என்றால்தான் வாதம் நிற்கும். ஃபுளோரைடு இந்தப் பாறைக்கு இயல்பு என்பதையும் மறக்க வேண்டாம்.

ஒரே ஒரு கிணற்றின் அறிக்கை எதையும் சொல்லாது. குவாரிக்கு மேட்டுப்பக்கம் இரண்டு கிணறு, பள்ளப்பக்கம் இரண்டு, குவாரியே இல்லாத திசையில் அதே ஆழத்தில் ஒன்று, குவாரிப் பள்ளம், கண்மாய் என்று ஒரே நாளில் எடுங்கள். மே மாதம் ஒரு முறை, வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரியில் ஒரு முறை. போர்வெல் என்றால் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பிடியுங்கள். கேனை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, விளிம்புவரை நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே கொடுத்துவிடுங்கள். கலர் பாட்டிலில் பிடித்து, பஸ்ஸில் ஒரு நாள் வெயிலில் கிடந்து வந்த தண்ணீரையெல்லாம் பார்த்திருக்கிறேன். அந்த அறிக்கையை எதிர்த்தரப்பு ஒரே கேள்வியில் தூக்கிப் போட்டுவிடும். எடுக்கும்போது ஊராட்சி ஆள் ஒருவரைக் கூட வைத்துக் கையெழுத்து வாங்குங்கள். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகம் மதுரையிலேயே இருக்கிறது.

ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் எடுக்காதீர்கள். காய்ச்சினால் போகாது, வற்ற வற்றக் கூடத்தான் செய்யும். குளிக்க, துவைக்க வைத்துக்கொள்ளலாம். முடிவு கைக்கு வந்ததும் நோட்டோடு சேர்த்து நகல் எடுத்து, திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் கொடுங்கள். கனிமவளத் துறைக்கும் ஒரு நகல் போகட்டும்.